பாயோன் சுவரில் ஒரு பிரசவம்

என் அண்ணி நிமோலுக்கு ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் லேசில் வெளியே போகாது. மீன் கழுவும்போது கேட்பாள், துணி காயப்போடும்போது கேட்பாள். ஆள் கிடைக்காவிட்டால் வேலியோரம் கட்டியிருக்கும் எருமையிடமே கேட்டுவிடுவாள் என்று என் அண்ணன் சாரூன் கிண்டல் செய்வான்.

அவள் எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஸ்தூங்கு என்கிற ஊருக்குத் தெற்கே, மழைக்காலத்தில் பெரிய ஏரியின் தண்ணீர் வந்து தொட்டுவிட்டுப் போகிற கிராமம் எங்களுடையது. இருபது வருஷமாக இங்கே பிறக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவள் கையில்தான் வந்து விழுந்திருக்கின்றன. நான் லீடா, சாரூனின் தங்கை. காலையில் சந்தையில் அரிசிச் சேவையும் மீன் குழம்பும் விற்பவள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மாமரம்தான் இருக்கிறது. அதனால் அவளுடைய கேள்விகளில் முக்கால்வாசி என் தலையில்தான் விடியும்.

இந்தக் கேள்வியைக் கொண்டுவந்து போட்டவள் மாலியா என்கிற பெண். அவள் புருஷனுக்கு சியம் ரீப் நகரத்தில் வேலை. பழைய கோயில்களைச் செப்பனிடுகிற இடத்தில் கல் தூக்குபவன். முதல் பிரசவத்துக்கு மாலியா தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். வலி எடுத்து நிலையத்துக்கு வந்தவள் கட்டிலில் மல்லாந்து படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். படுக்க வைத்தால் எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி படுக்க வைத்தால் கட்டிலை விட்டே இறங்கினாள். நிமோல் அதட்டியிருக்கிறாள். அதற்கு மாலியா பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாளாம்:

"பாயோன் கோயில் சுவத்துல ஒரு பொம்பள பிள்ள பெத்துக்குறா, டாக்டரக்கா. அவ உக்காந்துதான் இருக்கா. பின்னாடி ஒருத்தி தாங்கிப் புடிச்சிருக்கா. நான் மட்டும் ஏன் படுக்கணும்?"

"அவளுக்கென்ன, கல்லு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காந்திருப்பா. நீ படு."

மாலியா படுத்தாள், பெற்றாள். பெண் குழந்தை. வீட்டுக்குப் போய், நிலையத்தில் வேண்டாம் என்று சொன்னதையும் மீறி, வழக்கப்படி கட்டிலுக்கடியில் தணல் மூட்டிக் குளிர்காய்ந்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷனிடம் போய்விட்டாள். அவளுக்கு அந்தப் பேச்சே மறந்திருக்கும். நிமோல்தான் மறக்கவில்லை.

பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். பாயோனுக்குப் போகாதவர்கள் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? புத்தாண்டுக்குப் போவோம், கல்யாணம் ஆனால் போவோம், வெளியூர்ச் சொந்தம் வந்தால் கூட்டிக்கொண்டு போவோம். ஆனால் சுவரில் பிரசவம் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் கோபுரத்தில் எத்தனை முகங்கள் என்று சொல்ல ஆரம்பித்து, நடுவில் குழம்பி நிறுத்திவிட்டார். விகாரையின் பிக்கு சிரித்துக்கொண்டே, நான் அதையெல்லாம் நின்று பார்க்கிற ஆள் இல்லையம்மா என்றார். என் அண்ணனுக்கு அந்தக் கோயிலில் ஒரே ஒரு சிற்பம்தான் ஞாபகம் இருந்தது, சேவல் சண்டை. அவன் சேவல் வளர்ப்பவன். வீட்டில் இருக்கிற நேரத்தைவிடச் சேவல் கூண்டருகே இருக்கிற நேரம்தான் அதிகம்.

நிமோலே இரண்டு முறை போயிருக்கிறாள். நர்ஸ் படிப்பு முடிந்தபோது தோழிகளோடு ஒரு முறை, கல்யாணமான புதிதில் ஒரு முறை. இரண்டாவது பயணத்தின் போட்டோ அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பெரிய கல் முகம் ஒன்றின் கீழே இரண்டு பேரும் விறைப்பாக நிற்கிறார்கள். ஒரு நாள் நான் போனபோது அவள் நாற்காலிமேல் ஏறி நின்று, போட்டோவின் கண்ணாடியில் மூக்கு முட்ட எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, பழைய அழகத் தேடுறீங்களா?"

"பின்னாடி சுவர் தெரியுதுடி. அதுல ஏதாவது செதுக்கியிருக்கான்னு பாக்குறேன். உங்க அண்ணன் தலை மறைக்குது. தள்ளி நில்லுன்னு அன்னைக்கே சொன்னேன்."

இதில் என்ன இருக்கிறது, எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று அன்றைக்கு அவளிடம் கேட்டேன். நாற்காலியிலிருந்து இறங்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். தனக்குப் படுக்க வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள். நிலையத்துக் கட்டிலும் படுக்கிற மாதிரிதான் இருக்கிறது, அதனால் படுக்க வைக்கிறோம். கட்டில் அப்படி இருப்பதால் படுக்க வைக்கிறோமா, இல்லை படுக்க வைப்பதால் கட்டில் அப்படி இருக்கிறதா என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மாலியா கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல்தான் அதட்டினேன் என்றாள்.

அடுத்த வெயில் காலத்தில் எங்கள் சித்தப்பா மகளுக்கு சியம் ரீப்பில் கல்யாணம் வந்தது. நாங்கள் மூன்று பேரும் முதல் நாளே போய்விட்டோம். வழியில் நெடுஞ்சாலையோரம் மூங்கில் குழாயில் சுட்ட ஒட்டரிசி வாங்கித் தின்றுகொண்டே போனோம். நிமோல் கல்யாண வீட்டில் யாருக்கு என்ன முறை செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசவே இல்லை. காலைச் சடங்கு எப்போது முடியும், மாலை விருந்து எப்போது ஆரம்பிக்கும், நடுவில் எவ்வளவு நேரம் இருக்கும், இதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

காலையில் பழத்தட்டு ஊர்வலம், முடி வெட்டும் சடங்கு, கையில் நூல் கட்டுவது எல்லாம் முடிந்தன. மத்தியானச் சாப்பாட்டில் கடைசித் தட்டு வருவதற்குள் நிமோல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். துணி மாற்ற நேரமில்லை. மூவரும் பட்டும் நகையுமாக, நானும் அவளும் கொண்டை போட்டு அது அசையாதபடி மருந்தடித்து, கண்ணில் ஒட்டு இமை வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். டிரைவர் பின்னால் திரும்பி, கல்யாணப் பெண் யார் என்று கேட்டான். அண்ணன் யோசிக்காமல் இரண்டு பேரையும் காட்டினான்.

பாயோனில் நல்ல வெயில். கல் எல்லாம் அடுப்பு மாதிரி சுட்டது. நாங்கள் உள்ளே கால் வைத்ததுமே வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் எங்களோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டார்கள். அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நடுவில் போய் நின்றான். நான் இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் நிற்க வேண்டிய நிமோலைக் காணோம். அதற்குள் அவள் வெளிச்சுவரின் ஓரமாக, தாழ்வாரத்துக்குள், குனிந்தபடி போய்க்கொண்டிருந்தாள்.

எந்தப் பக்கம் என்று மாலியா சொல்லியிருக்கவில்லை. நாங்கள் கிழக்குப் பக்கத்தில் தேட ஆரம்பித்தோம். அங்கே ஒரே படை. யானைமேல் தளபதிகள், குடை பிடிப்பவர்கள், ஈட்டியோடு வரிசை வரிசையாக ஆட்கள். இத்தனை முறை வந்தும் நான் இதையெல்லாம் ஒரு சுவர் என்றுதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒவ்வொரு ஆளாகப் பார்த்தேன். படைக்குப் பின்னால் மாட்டு வண்டி போகிறது. ஒருத்தி தலையில் கூடை வைத்துக்கொண்டு நடக்கிறாள். குடும்பத்தோடு சண்டைக்குப் போயிருக்கிறார்கள்.

"சண்டைக்குப் போறப்ப வழியில வலி எடுத்தா என்ன பண்ணியிருப்பாங்க?" என்று நிமோல் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

திரும்பித் தெற்குப் பக்கம் வந்தோம். அங்கே சுவரின் மேல்பாதியில் படகுச் சண்டை நடக்கிறது. தண்ணீருக்குள் மீனும் முதலையும் நீந்துகின்றன. கீழ்ப்பாதியில், கிட்டத்தட்ட நம் முழங்கால் உயரத்தில், எங்கள் ஊர்ச் சந்தை அப்படியே இருந்தது. மீன் சுடுகிறார்கள். பன்றியைக் கொதிக்கிற பானைக்குள் இறக்குகிறார்கள். ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்க்கிறாள். ஒருத்தி கூடையை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்க, வாங்க வந்தவள் விரலை நீட்டிப் பேரம் பேசுகிறாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். கூடைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. ஆனால் அந்த விற்கிறவளின் முகம் எனக்கு நன்றாகப் புரிந்தது. வாங்காமல் போகப் போகிறாள் இவள் என்று தெரிந்துவிட்ட முகம்.

சேவல் சண்டைச் சிற்பம் அங்கேதான் இருந்தது. அண்ணன் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். பத்தம்பாங் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் முன்பின் பார்த்திராதவர்கள். எது ஜெயிக்கும் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"வலது பக்கத்துச் சேவலோட நெஞ்சப் பாருங்க. அடிச்சா தாங்கும்" என்றார் அவர்.

"தாங்கும், ஆனா புடிச்சிருக்கிறவன் கை சரியில்லையே. இவ்வளவு இறுக்கமா புடிச்சா சேவல் விடறதுக்கு முன்னாலயே களைச்சிடும்."

"அவன் எவ்வளவு காலமா அப்படியே புடிச்சிக்கிட்டிருக்கான். பாவம், அவனும் களைச்சிருப்பான்."

அவர்களை விட்டுவிட்டு நாங்கள் சுவரோரமாக மேற்கொண்டு போனோம். போனோம், திரும்பி வந்தோம். பிரசவம் மட்டும் கண்ணில் படவில்லை. நிமோலின் கொண்டை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. எனக்குக் கால் வலித்தது. மாலியா வலியில் ஏதாவது உளறியிருப்பாள், வாங்க போகலாம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் ஒரு வழிகாட்டி, பழுப்புச் சட்டைக்காரர், ஒரு கூட்டத்தை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். கூட்டம் படகுகளைப் போட்டோ எடுக்கிற நேரத்தில் நான் அவரைக் கேட்டேன். தம்பி, இங்கே ஒரு பொம்பளை பிள்ளை பெறுகிற மாதிரி இருக்குமாமே, எங்கே?

அவர் எங்கள் பட்டுத் துணியையும் ஒட்டு இமையையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "இருக்கு அக்கா. நீங்க தாண்டிப் போயிட்டீங்க. இவங்கள ஆட்டோவுல ஏத்திவிட்டுட்டு வரேன், இங்கயே நில்லுங்க" என்றார்.

சொன்ன மாதிரியே திரும்பி வந்தார். பேர் பிசேத் என்றார். சுவரின் ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கீழே கையைக் காட்டினார். நாங்கள் இரண்டு தடவை கடந்துபோன இடம் அது.

சின்னச் சிற்பம். என் இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடிவிடலாம் போலிருந்தது. ஒரு கூரை, அதன் கீழே மூன்று பெண்கள். நடுவில் இருப்பவள் முழங்காலை மடக்கி, பின்னால் சாய்ந்து, பாதி உட்கார்ந்தும் பாதி படுத்தும் இருக்கிறாள். ஒருத்தி அவளைப் பின்னாலிருந்து தாங்கியிருக்கிறாள். இன்னொருத்தி முன்னால் இருக்கிறாள். கல் தேய்ந்துபோய் விரல்கள் எல்லாம் தெளிவாக இல்லை.

நிமோல் செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுத் துணி புழுதியில் புரள உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். தொடக் கூடாது அக்கா என்று பிசேத் சொன்னதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அப்புறம் ஆரம்பித்தாள். கட்டிலா தரையா? தணல் எங்கே? வெந்நீர்ப் பானை எங்கே? குழந்தை வந்துவிட்டதா, இனிமேல்தானா? பிசேத் அவளுக்குப் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். இதைப் பிரசவம் என்றுதான் தனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், உடம்பு சரியில்லாதவளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு, தன் கூட்டத்தில் இதைக் கேட்டவர்கள் மிகவும் குறைவு என்றார். நிமோல் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். பிரசவமாகவும் இருக்கலாம், வயிற்றுவலியாகவும் இருக்கலாம், உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தால் பிரசவம்தான் என்று தோன்றுகிறது, ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன் என்றாள்.

"இவ பின்னாடி எப்படி உக்காந்திருக்கா? ஒரு காலை மடக்கியா, ரெண்டையும் நீட்டியா? லீடா, இங்க வாடி. உக்காரு."

நான் மாட்டேன் என்றேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவள் விடவில்லை. என்னைக் கல் மேடையில் உட்கார வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, எனக்குப் பின்னால் உட்கார்ந்து அக்குளுக்குள் கைகொடுத்துத் தாங்கினாள். முதலில் ஒரு காலை மடக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டையும் நீட்டி என்னை நடுவில் இழுத்துக்கொண்டாள். பிசேத் சிற்பத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சாயணும் அக்கா, தலை இந்தப் பக்கம் என்று திருத்தினார். தூரத்திலிருந்து ஒரு காவல்கார அம்மா தைல பாட்டிலோடு ஓடிவந்தாள். யாருக்கு மயக்கம் என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் தைலத்தை மடியில் செருகிக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடியே போய்விட்டாள்.

"முக்கு" என்றாள் அண்ணி என் காதில்.

"கல்யாண விருந்துல தின்னதுதான் வெளிய வரும்."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் படுத்துப் பெற்றதுதான். அன்றைக்கு அவள் நெஞ்சில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபோது, விளையாட்டுக்குத்தான் என்றாலும், உடம்பு தானாகத் தளர்ந்தது. விழ மாட்டோம் என்று முதுகுக்குத் தெரிந்துவிட்டது போல. அதை அவளிடம் சொன்னேன். அவள் என்னை விட்டுவிட்டு மறுபடியும் சுவரருகே போனாள்.

"இதச் செதுக்கினவன் ஆம்பளதானே, தம்பி?"

"ஆம்பளையாத்தான் இருக்கணும்."

"அப்ப அவன் எப்படிப் பாத்தான்? ஆறு கடக்குற எடத்துக்கு ஆம்பளைய யாரு விட்டா?"

பிரசவத்தை நாங்கள் ஆறு கடப்பது என்றுதான் சொல்வோம். நான் இதை யோசித்ததே இல்லை அக்கா என்றார் பிசேத். பிறகு யோசித்து, அவன் பொண்டாட்டி சொல்லியிருப்பாளோ என்றார். பெற்றவளுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியாதே என்றாள் நிமோல். அப்படியானால் அம்மா சொல்லியிருப்பாள், அக்கா சொல்லியிருப்பாள் என்று நான் சொன்னேன். சொல்லக் கேட்டுச் செதுக்கினால் இப்படி வராது என்றாள். பின்னால் இருப்பவளைக் காட்டினாள். அவள் பெற்றுக்கொண்டிருப்பவளைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி வேறெங்கோ பார்க்கிறாள்.

"துணி எடுத்துட்டு வான்னு யாரயோ கூப்பிடுறா. புடிச்சிருக்கிறவளுக்குக் கை ரெண்டும் மாட்டியிருக்கும், வாய் மட்டும்தான் இருக்கும். இத எவளும் கதையா சொல்ல மாட்டா. இது பாத்தவனுக்குத்தான் தெரியும்."

மூவரும் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தோம். எங்கள் தலைக்குமேலே கல் படகுகள் சண்டைக்குப் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் நிமோல், சிற்பத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னாள். துப்பாக்கிக்காரர்கள் ஆட்சியைப் பிடித்து, ஊரையெல்லாம் காலிசெய்து மக்களை வயலுக்கு ஓட்டிக்கொண்டு போன காலத்தில் பிறந்தவள் அவள். எல்லோரும் கறுப்புத் துணி உடுத்தி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்களாம். அவள் அம்மாவுக்கு நடுவேலையில் வலி எடுத்தது.

"வாய்க்கா ஓரத்துக் கொட்டகையில பெத்தாங்க. முன்னாடி இருந்தவ பேரு எங்கம்மாவுக்குத் தெரியும். பின்னாடி வந்து உக்காந்தவ யாருன்னு தெரியாது. அவ மேலயே சாஞ்சிக்கிட்டு இருந்திருக்காங்க. நான் பொறந்ததும் வேலைக்கு மணி அடிச்சிருக்கு, அவ எந்திரிச்சுப் போயிட்டா. கிழக்குப் பக்கத்துப் பேச்சு பேசினான்னு மட்டும் அம்மா சொல்வாங்க. திரும்பிப் பாத்திருக்கலாமேன்னு நான் சின்ன வயசுல சண்டை போட்டிருக்கேன்."

நான் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"நான் இத்தனை பிரசவம் பாத்துட்டேன், லீடா. எப்பவும் முன்னாடிதான் நின்னேன். பின்னாடி ஒருத்தரையும் உக்கார விட்டதில்ல. எடம் அடைக்குதுன்னு அம்மாவக்கூட வெளிய அனுப்பியிருக்கேன்."

பிசேத், தன் மனைவிக்கு மழைக்காலத்துக்கு முன்னால் பிரசவ நாள் சொல்லியிருக்கிறார்கள் என்றார். முதல் பிள்ளை. தான் உள்ளே போகலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

"நீங்களா இருந்தா விடுவீங்களா, அக்கா?"

"விட மாட்டேன்" என்றாள் நிமோல் உடனே. வாயில் தயாராக இருந்த பதில் அது. சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்த மாதிரி இருந்தது. "ஏன்னு கேட்டுடாதீங்க, தம்பி. எனக்குத் தெரியல. நீங்க போய்க் கேளுங்க. கேட்டா என்ன, மிஞ்சிப் போனா முடியாதுன்னுதானே சொல்லுவாங்க."

அண்ணனைச் சேவலிடமிருந்து பிரித்துக் கூட்டிவர நேரமாயிற்று. ஆட்டோவில் நிமோல் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டாள். பெரியவன் பிறந்தபோது நீ எங்கே போயிருந்தாய்? சேவல் சண்டைக்குத்தானே? இது அவர்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறையாவது வருகிற சண்டை. வழக்கமாக அண்ணன் எழுந்து போய்விடுவான். ஓடுகிற ஆட்டோவிலிருந்து எங்கே எழுந்து போவது?

"சண்டையிலேருந்து ஓடிவந்துட்டேன். வாசல் வரைக்கும் வந்தேன். கையில சேவல் இருந்துச்சு. சேவலோட உள்ள வராதன்னு ஒரு நர்ஸ் வெரட்டுச்சு. ஜன்னல் ஓரமா நின்னேன். நீ கத்தினதெல்லாம் கேட்டுச்சு."

"சேவல யாருகிட்டயாவது குடுத்துட்டு வந்திருக்கலாமே."

"குடுத்துட்டு வந்தா விட்டிருப்பாங்களா? யாரும் என்னக் கூப்பிடலையே."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கல்யாண வீடு வரும்வரை அவனுடைய சட்டைக் கையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் அவள் மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். சாய்ந்து உட்கார்ந்து பெறலாமா, கூட ஒருவர் இருக்கலாமா என்று கேட்டாள். சிக்கல் இல்லாத பிரசவமென்றால் தாராளமாகச் செய்யலாம், கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள், கூட இருப்பவர் கை கழுவ வேண்டும், இதை நானே எல்லோரிடமும் சொல்ல நினைத்திருந்தேன் என்று டாக்டரம்மா சந்தோஷமாகப் பேசினாராம். நிமோலுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகத்தான் போனை எடுத்திருந்தாள்.

வாக்குவாதம் ஊருக்குள் வந்தது. பெண்ணின் அம்மா பின்னால் உட்காருவதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இல்லாதவளுக்குப் புருஷன் உட்காரட்டும் என்று நிமோல் சொன்னபோதுதான் பேச்சு கிளம்பியது. ஆம்பளை அதைப் பார்த்தால் அவனுக்கு அதிர்ஷ்டம் போய்விடும், மீன் வலையில் விழாது என்றார்கள். என் கடையில் சேவை தின்றுகொண்டே என்னிடமே சொன்னார்கள், உன் அண்ணிக்கு சியம் ரீப் போய்வந்ததிலிருந்து என்னமோ ஆகிவிட்டது என்று. ஆமாம், கல் பிடித்துவிட்டது என்று சொல்லி நான் குழம்பை ஊற்றினேன்.

முதலில் ஒத்துக்கொண்டவன் பியாருன். செங்கல் சூளையில் வேலை செய்பவன். நல்ல உடம்பு. அவன் மனைவி சொத்திக்குத் தாய் கிடையாது, மாமியார் தாய்லாந்துப் பக்கம் வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்கு வலி எடுத்த அன்று காலை நான் சந்தை முடிந்து நிலையத்துக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வாசலில் பாத்திரத்தை வைக்கும்போதே உள்ளேயிருந்து நிமோலின் குரல் கேட்டது.

"லீடா, கையக் கழுவிட்டு உள்ள வா. சீக்கிரம்."

உள்ளே பியாருன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொத்தியைப் பின்னாலிருந்து பிடித்திருந்தான். அதுவரை நன்றாகத்தான் பிடித்திருந்தானாம். குழந்தையின் தலை தெரிந்ததும் எட்டிப் பார்த்திருக்கிறான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தான். சொத்தி வலிக்கு நடுவில் அவனைத் திட்டினாள்.

"நான் இங்க பெத்துக்கிட்டிருக்கேன், நீங்க எங்க படுக்குறீங்க?"

நான் போய் அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். அவன் சொத்தியைப் பிடித்தான். நிமோல் முன்னால் இருந்தாள். என் கை இரண்டும் மாட்டியிருந்தன. துணி வேண்டும் என்று அவள் சொன்னபோது என்னால் செய்ய முடிந்ததெல்லாம் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி யாரையாவது கூப்பிடுவதுதான். ஆண் குழந்தை பிறந்தது. கனமான குழந்தை. பியாருன் அழுதான், பிறகு கஞ்சியில் பாதியை அவனே குடித்தான்.

அந்த வாரம் முழுக்க என் கடையில் இதே பேச்சுதான். பியாருனைக் கேலி செய்யாதவன் இல்லை. ஆனால் கேலி செய்தவர்களில் இரண்டு மூன்று பேர், சொத்தி எப்படி இருக்கிறாள், ரொம்ப வலித்ததா, பின்னால் எப்படி உட்கார வேண்டும் என்று அவனையே தனியாகக் கூப்பிட்டு விசாரித்ததும் எனக்குத் தெரியும். சூளைக்காரனுக்கு அதிர்ஷ்டம் போனதாகத் தெரியவில்லை. செங்கல் எப்போதும்போல்தான் வெந்தது.

இப்போது நிமோல் எல்லாப் பெண்களிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுகிறாள், பின்னால் யார் உட்கார வேண்டும் என்று. அம்மா என்பார்கள், அக்கா என்பார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டு அவரே என்பார்கள். போன மாதம் ஒருத்தி, புருஷன் வாசலில் கையைக் கழுவிவிட்டுத் தயாராக நிற்கும்போதே, இவர் வேண்டாம், இவர் பிடித்தால் எனக்குத்தான் இவரைப் பார்க்கிற வேலை அதிகமாகும் என்று சொல்லிவிட்டாள். சூளைக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் தன் தோழியைக் கூப்பிடச் சொன்னாள். நிமோல் சரி என்றாள். தோழி கடையைப் பாதி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். புருஷன் ஜன்னலோரம் நின்றுகொண்டான். அங்கே நிற்பவர்களுக்காக நிமோல் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டிருக்கிறாள்.